திருமேனிக்குச் சாட்சி சொல்பவர்கள்

சிலைத் திருட்டைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் எழும்போதெல்லாம், நம்மிடம் கடுமையான சட்டம் இல்லை என்ற குறையும் கூடவே எழும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுப் பழமையுள்ள சிலையைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்பது அதன் விதி. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. கோடிக்கணக்கில் விலைபோகும் செப்புத் திருமேனியைக் கடத்துகிறவனை இந்தத் தண்டனை அச்சுறுத்துமா என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் வெளிநாடு போய்த் திரும்பிய தமிழகத் திருமேனிகளின் வழக்குகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூடத் தண்டனைப் பிரிவின் வலுவால் தீர்ந்ததாகத் தெரியவில்லை. லண்டனிலோ கான்பெராவிலோ நிற்கும் இந்தச் சிலைதான் இன்ன ஊரில் இன்ன கோயிலில் இருந்த சிலை என்று பிறர் ஏற்கும்படி காட்ட முடிந்ததா என்ற கேள்வியில்தான் ஒவ்வொன்றும் தீர்ந்திருக்கிறது. அப்படிக் காட்டியவர்களில் கறுப்பு அங்கி அணிந்தவர்கள் சிலரே. தொல்லியலாளர், புகைப்படக் காப்பகத்தின் பொறுப்பாளர், கோயிலின் தக்கார், காவல் துறை ஆய்வாளர், வெளிநாட்டு அரசு வழக்கறிஞர், சம்பளமில்லாமல் உழைக்கும் ஆர்வலர் என்று பலரும் அதில் இருக்கிறார்கள். பண்பாட்டு மரபுச் சட்டத்தை நடைமுறையில் நடத்துகிறவர்கள் இவர்கள்தான். இவர்களை ஒரு தொழிற்குழுவாக நாம் இன்னும் வளர்க்கவில்லை. சட்டப் புத்தகத்தில் உள்ள குறையைவிட இந்தக் குறைதான் நமக்கு அதிக இழப்பைத் தந்திருக்கிறது என்பது என் வாதம்.

அடையாளம் காட்டும் வேலை இந்தியாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மற்ற நாடுகளின் நிலையைச் சற்றுப் பார்க்க வேண்டும். எகிப்தின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் மண்ணிலிருந்து கிடைக்கும் தொல்பொருள் அனைத்தும் அரசின் உடைமை என்கிறது. துருக்கி 1906-இலேயே, ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில், இப்படியொரு விதியை வகுத்துவிட்டது. அந்த நாடுகளின் வழக்கறிஞர் நியூயார்க் நீதிமன்றத்தில் நிற்கும்போது, பொருள் தம் நாட்டு மண்ணில் எடுக்கப்பட்டது, சட்டம் வந்த பிறகு எடுக்கப்பட்டது என்ற இரண்டை நிறுவினால் பெரும்பாலும் போதும். எந்தக் கல்லறை, எந்த வயல் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2003-இல் பிரெடரிக் ஷுல்ட்ஸ் என்ற நியூயார்க் வணிகரின் தண்டனையை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது எகிப்தின் அந்த உடைமைச் சட்டத்தின் அடிப்படையில்தான். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் மீது துருக்கி 1987-இல் வழக்குத் தொடுத்து, லிடியப் புதையலை 1993-இல் மீட்டதும் இதே வழியில்தான். இந்தியச் சட்டத்தின் அமைப்பு வேறு. நம் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளைப் பதிவு செய்யச் சொல்கிறது, ஏற்றுமதியைத் தடுக்கிறது, விற்பனைக்கு உரிமம் கேட்கிறது. பொருளை அரசின் உடைமையாக ஆக்குவதில்லை. ஏற்றுமதித் தடையை மீறியது என்ற ஒரே காரணத்துக்காக வேறொரு நாட்டு நீதிமன்றம் பொருளைத் திருப்பித் தரச் சொல்வது அரிது. ஆகவே இந்தியா சார்பில் வாதாடுகிறவர், இது இன்னாரிடமிருந்து திருடப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். அந்த ‘இன்னார்’ நம் ஊரில் பெரும்பாலும் ஒரு கோயில், அல்லது அதில் எழுந்தருளியிருக்கும் தெய்வம்.

தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்காடவும் வல்லது என்பது ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களிலேயே நிலைபெற்ற கோட்பாடு. லண்டன் பிரிவி கவுன்சில் 1925-இல் கல்கத்தாவின் மல்லிக் குடும்ப வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. அந்தக் கோட்பாடு கடல் கடந்து செல்லுமா என்பதைச் சோதித்தது பத்தூர் நடராசர் வழக்கு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த பத்தூரில் இடிந்து கிடந்த ஒரு சிவன் கோயிலின் அருகே, 1976-இல் ஒரு தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. அவற்றில் நடராசர் பல கை மாறி லண்டன் போனார். பம்பர் டெவலப்மெண்ட் என்ற கனடிய நிறுவனம் 1982-இல் 2,50,000 பவுண்டுக்கு அதை நல்லெண்ணத்துடன் வாங்கியது. விற்ற வணிகர் காட்டிய பூர்வீக வரலாறு பொய். சிலையைச் செப்பனிடவும் மதிப்பிடவும் கொடுத்திருந்த நேரத்தில் லண்டன் மாநகரக் காவல் துறை கைப்பற்றியது. தன் பொருளைத் திருப்பித் தருமாறு நிறுவனம் காவல் துறை ஆணையர் மீது வழக்குப் போட்டது. இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார், கோயில், இடிபாட்டுக்குள் கிடந்த சிவலிங்கம் எல்லோரும் உரிமை கோரி உள்ளே வந்தார்கள். ஆங்கிலச் சட்டப்படி இடிந்த கற்குவியல் ஒன்று வழக்காட முடியாது. நீதிபதி இயன் கென்னடி 1988-இல் அளித்த தீர்ப்பு, நூற்றாண்டுகளுக்கு முன் அந்தக் கோயிலை எழுப்பியவரின் அறநோக்கம் இன்னும் அழியவில்லை, அது லிங்கத்தின் உருவில் நிலைத்திருக்கிறது என்ற கருத்தை ஏற்றது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தியச் சட்டம் சட்டபூர்வ நபராக ஏற்கும் கோயிலை நாடுகளுக்கு இடையேயான மரியாதையின் பேரில் இங்கிலாந்தும் ஏற்கலாம் என்றது. கோயிலின் உரிமையே போதுமானதாக இருந்ததால் லிங்கத்தைப் பற்றிய கேள்விக்குள் அது இறங்கவில்லை. அந்த ஆண்டே நடராசர் ஊர் திரும்பினார்.

சட்ட மாணவர்கள் இந்த வழக்கை ‘கடவுள் வழக்காடிய கதை’யாகப் படிக்கிறார்கள். அந்தப் பகுதி அழகானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் வழக்கு நாட்களின் பெரும்பங்கை விழுங்கியது, லண்டன் நடராசர்தான் பத்தூர் நடராசரா என்ற விவாதம். பத்தூரில் தோண்டியெடுத்தபோது அந்தச் சிலையை யாரும் படம் எடுக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. தோண்டியவரும் கைமாற்றியவர்களும் நினைவிலிருந்து சொன்ன சாட்சியம் இருந்தது. அதை வைத்து லண்டனில் ஜெயிக்க முடியாது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமியின் சாட்சியம்தான் வழக்கின் முதுகெலும்பாக அமைந்தது. பத்தூரில் அதே குழியில் கிடைத்துத் தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்ட மற்றத் திருமேனிகளோடு லண்டன் சிலையை வைத்து, அங்க அளவு, அணிகலன், உடலின் வளைவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இவை ஒரே பட்டறையின் ஒரே காலத்து வேலை என்று அவர் வாதிட்டார். எதிர்த்தரப்பும் தன் வல்லுநர்களைக் கொண்டுவந்து வேறுபாடுகளை அடுக்கியது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும், அதன் மேல் கறையான் விட்டுச்சென்ற தடமும்கூடச் சாட்சியத்துக்கு வந்தன. ஒரு சிற்ப வரலாற்றறிஞர் இப்படிப்பட்ட இடத்தில் செய்வது வழக்கறிஞரின் வேலையேதான்: ஒரு கூற்றை முன்வைப்பது, எதிர்க்கேள்விக்கு உட்படுத்திக்கொள்வது, ஐயத்துக்கு எல்லை கட்டுவது.

திருமேனியை அடையாளம் காட்டுவது சாத்தியமாக இருப்பதற்கு நம் ஸ்தபதிகளின் வார்ப்பு முறையே காரணம். சிலையை முதலில் மெழுகில் முழுதாகச் செய்வார்கள். மேலே வண்டல் மண் பூசிக் கருவாக்கி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்கருவை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகும் போயிற்று, கருவும் போயிற்று. ஆகவே அச்சில் வார்த்ததுபோல் இன்னொன்று இருக்க வாய்ப்பே இல்லை. திருவாசிச் சுடர்களின் எண்ணிக்கையும் சாய்வும், உலோகம் ஓடாமல் நின்ற இடத்தில் விழுந்த சிறு குழி, அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு, பீடத்தின் துளைகள் இவையெல்லாம் சேர்ந்து ஒரு திருமேனிக்குக் கைரேகைபோல் ஆகிவிடுகின்றன. கைரேகை பயன்பட வேண்டுமானால் குற்றம் நடக்கும் முன்பே எங்கோ ஒரு பதிவு இருக்க வேண்டும். பத்தூர் வழக்கில் அப்படியொரு பதிவு இல்லாததால்தான் 1982 முதல் 1991 வரை ஒன்பது ஆண்டுகள் ஆயின.

பதிவு இருந்த இடங்களில் கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்தே அதன் புகைப்படக்காரர்கள் தென்னிந்தியக் கோயில்களுக்குப் போய், மூலவர், உற்சவர், கோஷ்டச் சிற்பங்கள் என்று படமெடுக்கத் தொடங்கினார்கள். இன்று அந்தக் காப்பகத்தில் ஏறத்தாழ 1,60,000 படங்கள் உள்ளன. சைவ ஆகமங்களையும் கோயில் கலையையும் ஆராயவே அவை எடுக்கப்பட்டன. திருட்டு வழக்குக்கு உதவும் என்று எவரும் நினைத்து எடுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சிலை வழக்குகளில் இந்தக் காப்பகத்தைப்போல் உதவிய ஆவணத் தொகுப்பு வேறெதுவும் இல்லை. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிற்பத்தை சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-இல் வாங்கியது. காப்பகத்தில் அதே சிற்பம் கோயில் சுவரில் நிற்கும் 1974-ஆம் ஆண்டுப் படம் இருந்தது. கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவிலில் உள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் 1957-இல் அங்கேயே படமெடுக்கப்பட்டார். பத்தாண்டு கழித்து, 1967-இல், ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் லண்டன் ஏலத்தில் ஒரு திருமங்கையாழ்வாரை வாங்கியது. இரண்டும் ஒன்றே என்பதை 2019-இல் ஓர் ஆய்வாளர் கவனித்துச் சொன்னார். கோயிலில் அதுவரை பூசை ஏற்றுக்கொண்டிருந்தது ஒரு நகல்.

ஆஷ்மோலியன் விஷயத்தில் சட்ட நோக்கில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் நல்லெண்ணத்துடன் வாங்கிய பொருளின் மேல் பழைய உடைமையாளருக்கு உள்ள உரிமை ஆறு ஆண்டுகளில் அற்றுப்போகும் என்பது பொதுவிதி. 1967-இல் வாங்கிய சிலைக்காக இன்று அங்கே வழக்குத் தொடுத்தால் வாசற்படியிலேயே தோற்றுப்போக நேரும். ஆயினும் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குச் செய்தி சொன்னது. 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித் தரத் தீர்மானித்தது. அப்படியானால் சட்டத்துக்கும் சட்டத் தொழிலுக்கும் இங்கே என்ன வேலை, இது நல்லுறவும் மனச்சாட்சியும் செய்த காரியம்தானே என்று ஒருவர் கேட்கலாம். மனச்சாட்சியின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு அறக்கட்டளை நிறுவனம் தன் உடைமையை விட்டுக்கொடுப்பதற்கும் அங்கே சட்ட நடைமுறை உண்டு; அறக்கட்டளை ஆணையத்தின் இசைவு தேவை; அந்த இசைவுக்கு ஆதாரம் தேவை. நீதிமன்றத்தில் செல்லாத உரிமைகூட, அசைக்க முடியாத ஆதாரம் இருந்தால் நீதிமன்றத்துக்கு வெளியே செல்லும். 1970-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும் அருங்காட்சியகங்களின் நெறிமுறைகளும் அரை நூற்றாண்டாக உருவாக்கிய சூழல் இது. இந்தியா அந்த உடன்படிக்கையை 1977-இல் ஏற்றது. இங்கிலாந்து ஏற்க 2002 ஆயிற்று.

சட்டம் தெரிந்தவர்கள் எதிர்த்தரப்பிலும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. கள்ளச் சந்தையின் மொழியே சட்டத்தின் தேதிகளை ஒட்டி அமைந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் வழிபாடு குறைந்து பூட்டிக் கிடந்தது. 2006-இல் அங்கிருந்த திருமேனிகள் திருடுபோயின. 2008-இல் அவற்றைச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் அவை இல்லை என்பதே வெளியே தெரிந்தது. அதே 2008-இல் கான்பெராவின் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரின் நியூயார்க் கடையிலிருந்து ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒரு நடராசரை வாங்கியது. டில்லியில் பணியாற்றிய ஒரு சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி 1970-இல் வாங்கி 1971-இல் நாட்டுக்கு வெளியே எடுத்துப்போனார் என்று கபூர் காகிதம் காட்டினார். 1971 என்ற ஆண்டு தற்செயலானது இல்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்திய ஆண்டு அது. பொய்க் காகிதம் தயாரித்தவருக்குச் சட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாங்கியவர்களுக்கும் தெரியாமல் இல்லை. கலைச் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கலைக்கூடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டது, அவர் பூர்வீக ஆதாரத்தின் போதாமையையும் அதன் ஆபத்தையும் எழுதிக் கொடுத்தார். அதன் பின்பும் வாங்கினார்கள். அந்தச் சட்டக் கருத்துரையை நான் இந்தத் துறையின் மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். மரபுச் சட்ட வழக்கறிஞரின் வேலை வழக்கு வந்த பிறகு தொடங்குவதில்லை. வாங்குகிறவரின் கையைப் பிடித்து நிறுத்துவதும் அவர் வேலையே. அந்தக் கையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லாதிருந்ததுதான் பிழை. பின்னர் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சூசன் கிரெனன் அந்தக் கலைக்கூடத்தின் ஆசியச் சேகரிப்பில் உள்ள பல பொருட்களின் பூர்வீகத்தை ஆராய வேண்டி வந்தது.

அந்த நடராசரைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். வழக்கைப் பதிவு செய்தது தமிழ்நாட்டின் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு. 1983-இல் தொடங்கப்பட்ட அந்தப் பிரிவு இந்தியாவில் இவ்வகையில் முன்னோடி. அது கேட்டதன் பேரில்தான் 2011 அக்டோபரில் கபூர் பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கைதாகி அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். புதுச்சேரிக் காப்பகத்தின் படமும் கலைக்கூடத்தின் விளக்கப் படமும் ஒன்றே என்று காட்டியதில் எஸ். விஜயகுமார் போன்ற தன்னார்வலர்களுக்குப் பங்கு உண்டு. நியூயார்க்கில் கைப்பற்றிய கபூரின் கணினிகளில், திருடர்கள் சிலைகளை எடுத்து அனுப்பிய படங்கள் இருந்தன. அவருடைய கடை மேலாளர் 2013 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் நடராசரையும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரையும் டில்லியில் ஒப்படைத்தார். சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது 2022 நவம்பரில்தான். நியூயார்க்கில் மான்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம், மேத்யூ போக்டனோஸின் தலைமையில் தொல்பொருள் கடத்தலுக்கென்றே ஒரு பிரிவை 2017-இல் அமைத்தது. கபூர் தொடர்பாக அவர்கள் கைப்பற்றிய பொருட்கள் 2,500-ஐத் தாண்டின. அந்தப் பிரிவில் வழக்கறிஞர், துப்பறிவாளர், கலை வரலாறு படித்த பகுப்பாய்வாளர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். இத்தாலியில் இந்த இணைப்பு இன்னும் பழையது. கராபினியேரி படை கலைத் திருட்டுக்கென ஒரு பிரிவை 1969-இலேயே அமைத்தது. ஜெனிவா கிடங்கொன்றில் 1995-இல் அகப்பட்ட கடத்தல்காரரின் போலராய்டு படங்களைத் தொல்லியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அருங்காட்சியகப் பட்டியல்களோடு ஒப்பிட்டார்கள். அரசு வழக்கறிஞர் மவுரிசியோ ஃபியொரில்லி அந்த ஒப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெட்ரோபாலிடன், கெட்டி அருங்காட்சியகங்கள் இரண்டோடும் பேசி முடித்தார்.

இந்த மீட்பு முயற்சியே அடிப்படையில் தவறு என்று சொல்லும் ஒரு கருத்தும் உண்டு. கலைச் சட்டத்தை ஒரு கல்வித் துறையாக அமெரிக்காவில் நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஹென்றி மெர்ரிமேன் 1986-இல் எழுதிய கட்டுரையில், பண்பாட்டுப் பொருளை ஒரு தேசத்தின் சொத்தாகப் பார்ப்பதும் மனிதகுலத்தின் பொதுச் சொத்தாகப் பார்ப்பதும் இரண்டு வேறு பார்வைகள் என்று பிரித்துக் காட்டி, இரண்டாவதன் பக்கம் நின்றார். ஏற்றுமதியை முழுவதும் தடைசெய்யும் நாடுகள் கள்ளச் சந்தையைத் தாமே வளர்க்கின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. இதில் ஒரு பகுதி உண்மை. எல்லாவற்றையும் தடைசெய்துவிட்டு எதையும் பதிவு செய்யாத சட்டம் நேர்மையான சேகரிப்பாளரை விரட்டித் திருடனுக்கு இடம்விடும். ஆனால் மெர்ரிமேனின் இரண்டு பார்வைகளிலும் தமிழ்நாட்டுத் திருமேனிக்கு இடம் இல்லை. அது தேசத்தின் சொத்தும் அல்ல, மனிதகுலத்தின் பொதுச் சொத்தும் அல்ல. அதற்கென்று ஓர் உடைமையாளர் இருக்கிறார், அவர் அந்த ஊரில் இருக்கிறார். பத்தூர் வழக்கின் மையமே அதுதான். தேசப் பெருமையை வைத்து வாதாடியிருந்தால் அந்த வழக்கு தோற்றிருக்கும். ஒரு குறிப்பிட்ட கோயிலின் உடைமை என்று வாதாடியதால் வென்றது. ஸ்ரீபுரந்தான் நடராசர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும் உலகம் பார்க்கிறது என்று சொல்கிறவர், வீட்டில் திருடிய பொருளை நன்றாகப் பேணுகிறோம் என்று சொல்வதைத் தாண்டி வேறெதுவும் சொல்லவில்லை.

தண்டனையைக் கூட்டினால் போதும் என்ற வாதத்துக்கு வருகிறேன். அதை எதிர்ப்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் இல்லை; கூட்டட்டும். ஆனால் தண்டனை என்பது குற்றவாளி கிடைத்து, குற்றம் நிரூபணமான பிறகு வரும் கட்டம். திருடுபோனது எப்போது என்றே தெரியாத கோயிலில், திருடுபோனது எது என்று காட்டப் படமும் இல்லாத கோயிலில், ஆயுள் தண்டனை வைத்தாலும் அதை யார் மீது விதிப்பது? ஆவணப்படுத்துவதே திருடனுக்கு விலாசம் கொடுப்பதாகும் என்ற எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. கலை வரலாற்று நூல்களில் வந்த படங்களைப் பார்த்து வணிகர்கள் தேர்ந்தெடுத்து ஆள் அனுப்பிய காலம் இருந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அதற்கு விடை பதிவேட்டை மூடுவதில் இல்லை. எந்தத் தகவல் எவர் கைக்குப் போகலாம் என்று வகுப்பதில் இருக்கிறது. பின்பக்கப் படங்கள், எடை, பீடத் துளை அளவு, வார்ப்புக் குறைகள் போன்றவற்றைப் புலனாய்வுக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, முன்பக்கப் படத்தை வெளியிடலாம். வெளியிட்ட படம் இருக்கும் சிலையை இன்று எந்த ஏல நிறுவனமும் எளிதில் தொடாது.

தமிழ்நாட்டில் இதற்கான சட்டக் கட்டாயம் நெடுங்காலமாக இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பதிவேடு வேண்டும், அதில் வழிபாட்டுக்கும் புறப்பாட்டுக்கும் உரிய திருமேனிகளின் விவரம் இருக்க வேண்டும் என்கிறது. அறநிலையத் துறையின் கீழ் 40,000-க்கும் மேற்பட்ட கோயில்களும் அறநிலையங்களும் உள்ளன. ஒரு செயல் அலுவலருக்குப் பல கோயில்கள். அவருக்குக் கணக்கும் குத்தகையும் திருவிழாவும் போதும் போதும் என்றாகிவிடுகின்றன. ‘நடராஜர் 1, உலோகம், உயரம் 2 அடி’ என்று ஒரு வரி எழுதினால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எதையும் நிறுவ முடியாது. இந்திய அளவிலும் இதே நிலைதான். 2007-இல் தொடங்கிய தேசியத் தொல்பொருள் இயக்கம், 58 லட்சம் என்று மதிப்பிட்ட தொல்பொருட்களில் ஏறத்தாழ 17 லட்சத்தை மட்டுமே ஆவணப்படுத்தியிருப்பதை நாடாளுமன்றக் குழு 2023-இல் கவலையோடு குறிப்பிட்டது. தணிக்கைத் துறைத் தலைவரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை, ஆய்வுக்கு எடுத்த மத்தியப் பாதுகாப்புச் சின்னங்களில் 92 இருக்கும் இடமே தெரியவில்லை என்றது. சிலை வழக்குகளில் 41 கோப்புகள் காணாமல் போனது பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. திருடுபோன சிலைக்கு ஆதாரம் இல்லை என்பது ஒரு துயரம் என்றால், திருட்டு நடந்தது என்பதற்கான ஆதாரமே தொலைவது அதைவிடப் பெரிய துயரம்.

இந்த வெற்றிடத்தை நிரப்ப நீதிமன்றம் முயன்றிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு 2021 ஜூனில் கோயில் பாதுகாப்பு குறித்து 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. 2012-இல் இயற்றிய மரபு ஆணையச் சட்டம் ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வராமல் கிடந்ததையும் அது கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன், 2017-இல், சிலை வழக்குகளை ஒரே அதிகாரியின் பொறுப்பில் விட உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும், அவர் ஓய்வு பெற்ற பின்பும் சிறப்பு அதிகாரியாக நீட்டித்ததும் நினைவிருக்கலாம். அந்த ஆணையைப் பற்றி எழுந்த அரசியல் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஒரு மாநிலத்தின் மரபுச் சட்டம் தனி ஒருவர் மீது தொங்க வேண்டி வந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருக்குப் பிறகு அந்த அறிவை ஏந்திக்கொள்ள யாரும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. பார் கவுன்சில் வகுத்த கட்டாயச் சட்டப் பாடங்களில் பண்பாட்டு மரபுச் சட்டம் கிடையாது. தொல்லியல் படிக்கிறவருக்குச் சாட்சியச் சட்டம் கற்றுத்தரும் வழக்கமும் இல்லை. சிகாகோவின் டி பால் பல்கலைக்கழகத்தில் பாட்டி கெர்ஸ்டன்பிளித் இந்த இரண்டையும் இணைத்து ஒரு தலைமுறையையே பயிற்றுவித்திருக்கிறார். தஞ்சாவூரும் கும்பகோணமும் இருக்கும் மாநிலத்தில் அப்படியொரு இருக்கை இல்லாதது வேதனை தருகிறது.

அப்படிப் பயின்றவர்கள் தேவைப்படும் இடங்கள் மீட்போடு முடிந்துவிடுவதும் இல்லை. திரும்பி வந்த திருமேனிகளில் பல இன்று திருவாரூர் போன்ற பாதுகாப்பு மையங்களில், இரும்புக் கதவுக்குள், எண்ணிட்ட அலமாரியில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் கோயிலுக்குக் கேட்கிறார்கள்; கோயிலில் காவல் இல்லை என்கிறது துறை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இந்த வாக்குவாதத்தில் உரிமைக்காரரான தெய்வத்தின் சார்பில் பேச யாரும் நியமிக்கப்படுவதில்லை. 1925-இல் மல்லிக் வழக்கில் பிரிவி கவுன்சில் முடிவெடுத்த கேள்வியே இதுதான்: திருமேனி எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதற்கென்று ஒரு விருப்பம் உண்டு, அதைப் பராமரிப்பவர்களின் சௌகரியத்துக்கு அந்த விருப்பம் அடங்கிப்போகக் கூடாது, வழக்கில் அதன் சார்பில் பேசச் சார்பற்ற ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அன்று சொன்னார்கள். லண்டனில் நம் தெய்வத்தின் உரிமையை நிலைநாட்ட நாம் கையாண்ட கோட்பாட்டின் மறுபாதி அது. மையத்திலிருக்கும் ஒவ்வொரு திருமேனிக்கும் அப்படிப்பட்ட ஒருவரை உயர் நீதிமன்றம் நியமிக்கலாம். கோயிலின் நிலை, காவலின் தகுதி, ஊரின் வழிபாட்டு மரபு, ஆவணத்தின் முழுமை இவற்றை ஆராய்ந்து, எந்தத் திருமேனி எப்போது எந்த நிபந்தனையோடு ஊருக்குத் திரும்பலாம் என்று அவர் அறிக்கை தரலாம். 2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்து உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. இனித் திரும்பி வருகிறவை கூடும். அவற்றுக்காகச் சாட்சி சொல்லவும், வந்த பிறகு அவற்றின் சார்பில் பேசவும் ஆட்களைத் தயாரிக்கும் பொறுப்பைச் சட்டக் கல்லூரிகளும் தொல்லியல் துறையும் அறநிலையத் துறையும் சேர்ந்து ஏற்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.